சுண்டு: தோல் உதிர்வுக்கான ஒரு பழஞ்சொல்லின் பொருளும் வேரும் தேடும் வழி

எண்ணெய் வைத்துத் தலைவாரிவிடும்போது என் அப்பத்தா சீப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தலையெல்லாம் சுண்டு கிளம்பியிருக்கு" என்பார். பள்ளிக்கூடத்தில் அதையே பொடுகு என்றார்கள். ஷாம்பு விளம்பரங்கள் வந்த பிறகு டேண்ட்ரஃப் ஆகிவிட்டது. மூன்று பெயரும் ஒரே வெள்ளைத் துகளுக்குத்தான். ஆனால் முதல் பெயர் மட்டும் எனக்கு வெகுநாள் புரியாமலேயே இருந்தது. சுண்டுவிரல் தெரியும், சுண்டெலி தெரியும், சுண்டல் நன்றாகவே தெரியும். தலையில் உதிர்வதற்கும் இவற்றுக்கும் என்ன உறவு?

இந்தக் கேள்வியைத் துருவப் போனதில், ஒரு பழஞ்சொல்லை எப்படி அணுக வேண்டும் என்பதற்கு ஒரு வழிமுறையே கிடைத்தது. தோல் பற்றிய எந்தப் பழஞ்சொல்லுக்கும் இதே வழியில் போகலாம். நான் சுண்டு என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

முதல் படி: பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள்

சொல்லாராய்ச்சி என்றதும் அகராதியைத் திறக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சொல் எதைக் குறிக்கிறதோ அந்தப் பொருள் எப்படி இருக்கும், எங்கே வரும், தொட்டால் என்ன ஆகும் என்று தெரியாவிட்டால் அகராதியில் பாதி விளங்காது.

நம் தோலின் மேலடுக்கு ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அடியில் புதிய செல்கள் பிறந்து, மெல்ல மேலே வந்து, காய்ந்து தட்டையாகி உதிர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். சாதாரணமாக இவை தனித்தனியாக உதிர்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த வேகம் கூடிவிட்டால் செல்கள் முழுசாக முதிராமல் கொத்துக் கொத்தாகக் கழன்று வருகின்றன. அதுதான் சட்டைத் தோளில் விழும் வெள்ளைத் துகள். தலையில் இதைத் தூண்டிவிடுவதில் மலாசீசியா என்ற பூஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணெய்ச் சுரப்பியின் கசிவைத் தின்று வாழும் பூஞ்சை அது. எல்லோர் தலையிலும் இருக்கிறது, சிலர் தோலுக்கு மட்டும் அது விட்டுவைக்கும் கொழுப்பு அமிலங்கள் ஒத்துக்கொள்வதில்லை.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். தலைப்பொடுகு வறண்ட தலையில் வருவது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் எண்ணெய்ப் பிசுக்குள்ள தலைதான் அதற்குத் தோதான இடம்.

இரண்டாம் படி: அக்கம்பக்கத்துச் சொற்களைப் பிரித்து வையுங்கள்

தோல் சம்பந்தப்பட்ட சொற்கள் தமிழில் ஒன்றோடொன்று தோளுரசி நிற்கும். பிரிக்காமல் போனால் குழப்பம்தான்.

செதில் என்பது மீனின் மேல் இருக்கும் தட்டு. செதிள் என்றும் எழுதுவார்கள், மரப்பட்டையின் சில்லுக்கும் அந்தச் சொல் வரும். மருத்துவக் கட்டுரைகள் உதிரும் தோலுக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. பொருக்கு என்பது காய்ந்து மேலே தட்டிப்போன ஏடு. புண் ஆறும்போது "பொருக்குத் தட்டிவிட்டது" என்போமே, அது. சொறி அரிப்பைச் சேர்ந்தது. சிரங்கு கொப்புளமும் நீரும் உள்ளது. படை வட்டமாகப் படர்வது. காளாஞ்சகப்படை என்று சித்த மருத்துவர்கள் சொல்வது சோரியாசிஸை. தேமல் நிறம் மாறிய திட்டு.

சுண்டு, பொடுகு இரண்டும் இந்தக் கூட்டத்தில் மிகச் சாதுவானவை. புண் இல்லை, நீர் இல்லை, ஆளை முடக்குவதும் இல்லை. அதனாலோ என்னவோ இவற்றைப் பற்றி யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை. அன்றாடப் பேச்சில் மட்டும் வாழ்ந்த சொற்களுக்கு எப்போதும் இந்தக் கதிதான்.

மூன்றாம் படி: அகராதிகளை வரிசை தெரிந்து திறங்கள்

எல்லா அகராதியும் ஒரே வேலை செய்வதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. முதலில் திறக்க வேண்டியது அதுதான். வெவ்வேறு வேருள்ள, ஆனால் ஒரே எழுத்துள்ள சொற்களை அது எண்ணிட்டுத் தனித்தனிப் பதிவுகளாகப் போட்டிருக்கும். அந்தச் சின்ன எண்ணைக் கவனிக்காமல் எல்லாப் பொருளையும் ஒன்றாக வாசித்துவிடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. நானும் செய்தேன்.

அதற்கு முந்தையவை மிஷனரிகள் தொகுத்த அகராதிகள். 1779இல் வந்த பெப்ரிசியஸின் அகராதியும் 1862இல் வந்த வின்சுலோவின் அகராதியும் முக்கியமானவை. புலவர்கள் மதிக்காத பேச்சுவழக்குகளையும் இவர்கள் எழுதி வைத்தார்கள். தெருவில் கேட்டதைப் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. நோய்ப் பெயர், சமையல் பெயர், வசவு எல்லாம் அதில் அகப்படும்.

நிகண்டுகளை, அதாவது செய்யுளில் எழுதிய பழைய சொற்பொருள் நூல்களை, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் பாட்டு எழுதுகிறவர்களுக்காக உண்டானவை. தோலுக்கு அதள், உரி, தொலி, துவக்கு என்று அடுக்கும். அந்த அடுக்கில் ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது, கொஞ்ச நேரத்தில் அங்கே வருவோம்.

ஓர் எச்சரிக்கை. ஒரு சொல்லுக்குப் பக்கத்துச் சொல்லையே பொருளாகப் போட்டு நகர்ந்துவிடுவது அகராதிகளின் பழக்கம். இதற்கு அது, அதற்கு இது என்று வட்டமடிக்க விடும். அகராதி பொருளைச் சொல்லும், வேரைத் தேடுவது பெரும்பாலும் நம் தலையில்தான் விழும்.

நான்காம் படி: ஒரே எழுத்து, வேறு வேறு சொல்; குவியல் குவியலாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து, சுண்டு என்ற ஒலி வரும் எல்லாவற்றையும் எழுதினேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது.

குழம்பு சுண்டுகிறது. பாலைச் சுண்டக் காய்ச்சு. ஏச்சு வாங்கிய பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. இவை எல்லாம் ஒரு குவியல். நீர் வற்றுவது, சுருங்குவது, உள்ளே இருந்த ஒன்று குறைந்துபோவது. விருந்து முடிந்த மறுநாள் மிச்சம் மீதியை எல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சும் சுண்டக்கறியும் இங்கேதான் சேரும். (விருந்தைவிட அதற்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.)

காசைச் சுண்டிப் போடு, கேரம் காயைச் சுண்டு, நரம்பு சுண்டி இழுக்கிறது. இது இரண்டாவது குவியல். விரலால் தெறிப்பது, வெடுக்கென இழுப்பது.

சுண்டுவிரல், சுண்டெலி இரண்டிலும் சிறுமைப் பொருள். மூன்றாவது குவியல்.

உதடு, பறவையின் அலகு என்ற பொருளும் இந்தச் சொல்லுக்கு உண்டு. தமிழில் அது ஏட்டோடு நின்றுவிட்டது, மலையாளத்தில் இன்றும் உதட்டுக்குச் சுண்டு என்பதே சாதாரணப் பேச்சு. இலங்கைத் தமிழில் ஒரு சுண்டு அரிசி என்றால் ஓர் அளவு. பிறகு சுண்டைக்காய். அது சுண்டை என்ற செடியின் பெயரிலிருந்து வந்தது, நம் சொல்லோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது கேள்வி எளிதாகிவிடுகிறது. தலையில் உதிரும் சுண்டு எந்தக் குவியலைச் சேர்ந்தது? அலகும் அரிசி அளவும் உடனே கழிந்துவிடும். மிஞ்சுவது மூன்று: வற்றுதல், தெறித்தல், சிறுமை. மூன்றுக்குமே ஒரு நியாயம் சொல்ல முடியும் என்பதுதான் சிக்கல். காய்ந்து கிளம்புவதால் சுண்டு எனலாம். விரலால் சுண்டிவிட்டால் விழுவதால் எனலாம். துளித்துளியாக இருப்பதால் என்றும் சொல்லிவிடலாம். காரணம் கற்பிப்பது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். அதனால்தான் காரணம் மட்டும் போதாது, இலக்கணமும் ஒத்துவர வேண்டும்.

ஐந்தாம் படி: வினையைப் பிடியுங்கள்

தமிழ்ச் சொல்லின் வேரைத் தேடும்போது பெயரை விட்டு வினைக்குப் போங்கள். நிகண்டு அடுக்கில் ஒளிந்திருந்த துப்பு இதுதான்.

உரி என்பது வினை: தோலை உரி. உரிக்கப்பட்ட தோலுக்கும் உரி என்றே பெயர். தொலி என்பதும் வினை: உமி நீங்கக் குத்துவதைத் தொலித்தல் என்பார்கள். அப்படி நீங்கும் மேல்தோலும் தொலிதான். சொறி என்பது நகத்தால் செய்யும் வேலை. அந்த வேலையைச் செய்ய வைக்கும் நோயின் பெயரும் சொறி. தோலைச் சுற்றி இந்த வகைச் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. வினையடி, எந்த விகுதியும் ஒட்டாமல், அப்படியே பெயராகி நிற்கும். இலக்கண நூலார் இதை முதனிலைத் தொழிற்பெயர் என்பார்கள்.

சுண்டு இந்த வரிசையில் இடிக்காமல் உட்கார்கிறது. சுண்டுதல் வினை, சுண்டியபின் நிற்பது சுண்டு. தொழிலின் பெயர் அந்தத் தொழிலால் கிடைத்த பொருளுக்கு ஆகிவருவதும் நமக்குப் புதிதில்லை. பள்ளியில் தொழிலாகுபெயருக்கு "வற்றல் தின்றான்" என்ற எடுத்துக்காட்டைப் படித்திருப்பீர்கள். வற்றுவது தொழில், வற்றிப்போன காய் பொருள். சுண்டல் என்ற சொல்லே அப்படித்தான் பிறந்தது. ஆக, ஒரே வினையிலிருந்து இரண்டு பெயர்: நீர் சுண்டிய பயறு சுண்டல், நீர் சுண்டிய தோல் சுண்டு. ஒன்று தட்டில் விழுகிறது, மற்றது தோளில்.

தெறித்தல் என்ற இரண்டாவது குவியல் இங்கே ஏன் தோற்கிறது? தெறிப்பவன் ஒருவன் வேண்டும், தெறிக்கப்படும் பொருள் ஒன்று வேண்டும். உரியிலும் உரிப்பவன் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் உரித்தால்தான் உரி வரும், தொலித்தால்தான் தொலி வரும். சுண்டு அப்படியா? நாம் தட்டிவிட்டாலும் விடாவிட்டாலும் அது தானாகக் கிளம்பும், தானாக உதிரும். தன்னால் நடப்பதற்குப் பொருந்துவது வற்றும் சுண்டுதான், தெறிக்கும் சுண்டு இல்லை. சிறுமைக் குவியலில் வினையே கிடையாது. சுண்டெலி, சுண்டுவிரல் என்று இன்னொரு பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் அதன் வேலை. அதனால் நான் முதல் குவியலுக்கே ஓட்டுப் போடுகிறேன்.

ஆறாம் படி: அதே பார்வை வேறு சொல்லிலும் இருக்கிறதா?

ஒரு சொல்லுக்குச் சொன்ன விளக்கம் சரியா என்று பார்க்க நல்ல வழி, அதே மாதிரியான பார்வையில் பிறந்த இன்னொரு சொல்லைத் தேடுவது.

பொருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றுப்பானையின் அடியில் ஒட்டிக் காய்ந்துபோவதும் பொருக்கு, புண்ணின் மேல் தட்டுவதும் பொருக்கு, மழைக்குப் பின் வெயிலில் ஏடு ஏடாக எழும்பும் வண்டலும் பொருக்கு. ஈரமாக இருந்த ஒன்று காய்ந்து, தளத்தை விட்டு மேலே கிளம்புகிறது. பானை, மண், தோல் மூன்றிலும் ஒரே காட்சி.

அடுப்படியில் நின்றவர்கள்தான் இந்தச் சொற்களை உண்டாக்கினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீர் சுண்டினால் சட்டியின் ஓரத்தில் என்ன படியும் என்று தினமும் பார்த்தவருக்கு, பிள்ளையின் தலையில் கிளம்புவதைப் பார்த்ததும் வேறு சொல் தேவைப்பட்டிருக்காது.

முதல் படியில் மனதில் வைக்கச் சொன்னது இங்கே வருகிறது. சுண்டு என்ற சொல், தோலின் ஈரம் வற்றியதால் இது வருகிறது என்ற எண்ணத்தைத் தனக்குள் வைத்திருக்கிறது. அறிவியல் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது, எண்ணெய்க் கசிவுதான் காரணத்தில் பாதி. இதனால் சொல்லின் வேர் தப்பாகிவிடாது. சொல் நமக்குச் சொல்வது அன்றைய ஆட்கள் என்ன பார்த்தார்கள் என்பதை. நோய் ஏன் வருகிறது என்று அதனிடம் போய்க் கேட்கக் கூடாது. காலங்காலமாகத் தலையில் எண்ணெயை ஊற்றி ஊற்றித் தேய்த்தோமே, அந்த வைத்தியத்துக்குப் பின்னாலும் "காய்ந்துபோச்சு" என்ற இதே எண்ணம்தான்.

ஏழாம் படி: பக்கத்து மொழிகளின் கதவைத் தட்டுங்கள்

திராவிட மொழிகளில் வேர் தேடுகிறவர்களுக்கு பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி பெரிய துணை. 1961இல் வந்தது, திருத்திய பதிப்பு 1984இல். அதோடு தெலுங்குக்குப் பிரவுன் (1852), மலையாளத்துக்குக் குண்டர்ட் (1872), கன்னடத்துக்குக் கிட்டல் (1894). இவற்றில் பலவும் இன்று இணையத்தில் தேடும் வசதியோடு இருக்கின்றன.

தெலுங்கில் பொடுகுக்கு இன்றும் சாதாரணப் பெயர் சுண்ட்ரு. நம் சுண்டும் அதுவும் உடன்பிறப்புகள் என்பது பார்த்தாலே தெரிகிறது. தமிழில் பாட்டிமார் வாயோடு ஒதுங்கிவிட்ட சொல், தெலுங்கில் ஷாம்பு விளம்பரத்திலேயே நடமாடுகிறது.

கன்னடம் வேறு பக்கம் போகிறது. அங்கே பொடுகுக்குத் தலெஹொட்டு அல்லது வெறும் ஹொட்டு. ஹொட்டு என்றால் உமி, தவிடு. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரம் ஆவது தெரிந்த கதை: பால் அங்கே ஹாலு, புலி அங்கே ஹுலி, பல் அங்கே ஹல்லு. அந்தக் கணக்கில் ஹொட்டுவைத் திருப்பினால் பொட்டு. மாடு வளர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு என்று தீவனக் கடையில் கேட்டு வாங்குகிறோமே, பருப்பின் மேல்தோல், அதே பொட்டு. தமிழன் அடுப்படியிலிருந்து பார்த்ததைக் கன்னடத்தார் களத்துமேட்டிலிருந்து பார்த்திருக்கிறார்கள். மலையாளத்தில் தாரன் என்கிறார்கள், அது தனிக் கிளை.

களத்துமேட்டுப் பார்வை கன்னடத்தோடு முடியவில்லை. லத்தீனில் ஃபர்ஃபர் என்றால் தவிடு, தலைப்பொடுகுக்கும் அதே சொல். கிரேக்கத்தில் தவிட்டுக்குப் பிதுரோன். அதிலிருந்து வந்ததுதான் தோல் மருத்துவர்கள் சீட்டில் எழுதும் பிதிரியாசிஸ் என்ற நோய்ப் பெயர். முதல் படியில் பார்த்த பூஞ்சையின் ஒரு வகைக்கு மலாசீசியா ஃபர்ஃபர் என்று பெயர். மலாசே என்ற பிரெஞ்சு அறிஞரின் நினைவாக 1889இல் பேரினத்துக்குப் பெயர் வைத்தார்கள், கூடவே தவிடும் ஒட்டிக்கொண்டது. பெங்களூரில் ஒருவர் ஹொட்டு என்று சொன்னாலும் ஆய்வகத்தில் ஒருவர் ஃபர்ஃபர் என்று எழுதினாலும் இரண்டு பேரும் தவிடு என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கவில்லை. தானியம் புடைக்கிற எவருக்கும் தோன்றக்கூடிய உவமை அது.

வடமொழி மருத்துவ நூல்கள் பார்வையையே மாற்றிவிடுகின்றன. சுசுருத சம்ஹிதையில் இதன் பெயர் தாருணகம். தாருணம் என்றால் கடினமானது, கொடியது. மயிர் முளைக்கும் நிலம் கடினமாகி, அரிப்பெடுத்து, வறண்டு வெடிக்கிறது என்று அது விவரிக்கிறது. உதிரும் துகளைப் பார்க்காமல், துகள் கிளம்பும் நிலத்தைப் பார்த்து வைத்த பெயர். ஆங்கிலத்தின் பழஞ்சொல்லான ஸ்கர்ஃப், கடித்துக் குதறுவது என்ற பொருளுள்ள பழைய வினையோடு உறவுள்ளது. அது இன்னும் ஒரு படி முரட்டுத்தனம்.

எட்டாம் படி: இனிக்கும் விளக்கங்களைச் சந்தேகப்படுங்கள்

இந்தப் படியில் வழுக்கி விழாதவர் குறைவு. ஒலி ஒத்துவருகிறது, பொருளும் ஏதோ ஒத்துவருகிறது, உடனே முடிச்சுப் போட்டுவிடுவோம்.

எனக்கு முதலில் தோன்றிய முடிச்சு சுண்ணம். வெள்ளைப் பொடி, சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது, அதனால் சுண்டு! அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சுண்ணம் வடமொழிச் சூர்ணம் பிராகிருதத்தில் சுண்ண என்றாகித் தமிழுக்கு வந்தது. ண்ண என்பது ண்ட என்று மாற வேண்டுமானால் அப்படி மாறிய வேறு சொற்கள் நாலைந்தாவது வரிசையாக நிற்க வேண்டும். எண்ணெய், எண்டெய் ஆகவில்லை. கிண்ணம், கிண்டம் ஆகவில்லை. ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு ஒலிமாற்றத்தை உண்டாக்கினால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை.

பொடுகு இன்னும் சுவையானது. பொடி, பொடிசு, பொடியன் எல்லாம் நுண்மையைச் சுற்றி நிற்கும் சொற்கள். சருகு, விறகு, இறகு போலப் பொடுகும் கு என்று முடிகிறது. பொடியோடு அதற்கு உறவு சொல்வது நம்பத்தக்க ஊகம். ஆனால் சுண்டுக்கு உரி, தொலி, சொறி என்று சாட்சிக்கு வந்து நின்ற மாதிரி பொடுகுக்கு ஒரு வரிசை வந்து நிற்கவில்லை. அதனால் என் குறிப்பேட்டில் சுண்டுக்குப் பக்கத்தில் "நம்பலாம்" என்றும், பொடுகுக்குப் பக்கத்தில் "ஊகம்" என்றும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மாதிரித் தரம் பிரித்து எழுதுவது பெரிய பயன். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது நம் ஊகமே நமக்கு உண்மையாகத் தெரியாமல் இருக்கும்.

பொடுதலை என்ற மூலிகை இதில் இன்னொரு கண்ணி. தரையோடு படரும் சின்னச் செடி, பொடுகுக்குக் காய்ச்சும் தைலத்தில் போடுவார்கள். "பொடுகுத் தலைக்கு மருந்து, அதனால் பொடுதலை" என்று கேட்டிருப்பீர்கள். மருந்துக்கு நோயின் பெயர் வருவது இயல்புதான். ஆனால் அந்தச் செடியின் பூங்கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், நுனியில் பொடிப்பொடியாய்ப் பூ மொய்த்த குட்டித் தலை ஒன்று. தலை என்பது நம் தலையா, பூவின் தலையா? இரண்டு விளக்கமும் ஒரே அளவு நன்றாக இருந்தால் இரண்டையுமே கட்டிப்போட்டு வைக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: பழைய ஏட்டில் இன்றைய நோயைத் தேடாதீர்கள்

ஒரு சொல்லின் பொருள் தெரிந்ததும் பழைய நூல்களில் அது வரும் இடமெல்லாம் இன்றைய நோயைப் பொருத்திப் பார்க்க ஆசை வரும். தோல் நோய்ப் பெயர்களில் இந்த ஆசை நிறையக் கெடுதல் செய்திருக்கிறது.

லெப்ரா என்ற கிரேக்கச் சொல்லின் வேர் லெபிஸ், அதாவது செதில். உரிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. நம் உரி, தொலி போலவே. வண்ணத்துப்பூச்சி இனத்துக்கு லெபிடாப்டெரா என்று பெயர் வைத்ததும் இந்தச் செதிலை வைத்துத்தான், செதில் சிறகி என்று பொருள். கிரேக்க மருத்துவர்கள் லெப்ரா என்றது செதில் செதிலாக உதிரும் தோலை. எபிரேய வேதத்தில் தோலிலும் துணியிலும் சுவரிலும் தோன்றும் ஒரு தீட்டைக் குறித்த சாராத் என்ற சொல்லைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது லெப்ரா என்று போட்டார்கள். பிறகு அந்தப் பெயர் தொழுநோயின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை ஹான்சன் 1873இல் கண்டறிந்தார், ஆனால் அதற்கு முன்னால் பல நூற்றாண்டுகள் எத்தனையோ வெறும் செதில் நோய்க்காரர்கள் தொழுநோயாளி என்ற பெயரோடு ஒதுக்கப்பட்டிருப்பார்கள். சோரியாசிஸும் வெகுகாலம் லெப்ராவோடு சேர்த்தே எண்ணப்பட்டது.

தமிழிலும் இது உண்டு. குட்டம், குஷ்டம் என்றால் இன்று நமக்குத் தொழுநோய். ஆயுர்வேத நூல்கள் 18 வகைக் குஷ்டம் சொல்கின்றன, ஏழு பெரியவை, பதினொன்று சிறியவை. அவற்றில் பல சாதாரணத் தோல் நோய்கள். ஆகவே பழைய வைத்தியச் சுவடியில் "குட்டம் தீரும்" என்று கண்டால் உடனே தொழுநோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த வகை, என்ன குறி சொல்லியிருக்கிறது என்று முன்னும் பின்னும் வாசியுங்கள். வெண்குட்டம் என்ற பெயரால், தொற்றாத வெறும் நிறக்குறைவு உள்ளவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை, இன்று வெண்புள்ளி என்கிறோம்.

இதற்கு நேர் எதிர் சுணங்கு. சங்கப் பாடல்களில் தலைவியின் மேனியில் படரும் அழகுப் புள்ளி அது. வேங்கைப் பூவோடும் பொன்னோடும் ஒப்பிட்டுக் கொண்டாடுவார்கள். உரைகாரர்கள் அதற்குத் தேமல் என்று பொருள் எழுதினார்கள். இன்றைக்குத் தேமல் என்றால் களிம்பு வாங்க ஓடுகிறோம். மருத்துவர் சொல்லும் தேமலுக்குக் காரணம் சுண்டைக் கிளப்பும் அதே மலாசீசியாதான், சுரண்டினால் மெல்லிய தவிடு போல உதிரும். அதற்காகச் சங்கத் தலைவிக்குப் பூஞ்சைத் தொற்று என்று எழுதிவிடாதீர்கள். பெயர் ஒன்று, பார்த்த கண் வேறு.

பத்தாம் படி: வாய்மொழியைக் கேட்டு எழுதி வையுங்கள்

சுண்டு போன்ற சொல்லுக்கு ஏட்டைவிட வாய்தான் பெரிய சாட்சி. ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. "பாட்டி, சுண்டு என்றால் என்ன?" என்று கேட்டால், "பொடுகுதான்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். "பிள்ளை தலையிலே வெள்ளையா உதிருதே, உங்க வீட்டுல அதை என்னம்பீங்க?" என்று கேளுங்கள். சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அப்புறம் அந்தச் சொல்லை வேறு எதற்கெல்லாம் சொல்வார்கள் என்று பேச்சை வளர்த்துப் பாருங்கள். சட்டி, பானை, மாட்டுத் தீவனம், மரப்பட்டை என்று பேச்சு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் வேர் இருக்கும். சொன்னவர் பிறந்த ஊர், வயது, வீட்டில் வேறு மொழி பேசுவார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தெலுங்கு பேசும் வீட்டில் வரும் சுண்டுக்கும் மற்ற வீட்டுச் சுண்டுக்கும் வழி வேறாக இருக்கலாம்.

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை போதும். என் அட்டையில் இருப்பது இவ்வளவுதான்:

சுண்டு. தலைத்தோலில் கிளம்பி உதிரும் வெள்ளைத் துகள், பொடுகு. சுண்டுதல் (வற்றுதல்) என்ற வினையடியே பெயரானது. ஒப்பு நோக்க: உரி, தொலி, சொறி, சுண்டல், வற்றல். உறவு: தெலுங்கு சுண்ட்ரு. சுண்ணம், சுண்டை இரண்டும் தொடர்பில்லை. தரம்: நம்பலாம்.

நீங்களே ஒன்றை எடுத்துச் செய்து பார்க்க வேண்டுமென்றால் கரப்பான் நல்ல சொல். குழந்தைகளுக்கு வரும் தோல் நோய்க்கும் அந்தப் பெயர், அடுப்படியில் ஓடும் பூச்சிக்கும் அந்தப் பெயர். கரத்தல் என்றால் ஒளித்தல், மறைத்தல். விளக்கைப் போட்டதும் ஓடி ஒளியும் பூச்சிக்கு அது பொருந்திவிடுகிறது. தோல் நோய்க்கு அது பொருந்துமா, இல்லை எழுத்து மட்டும் ஒன்றான வேறு சொல்லா? நான்காம் படியில் சொன்ன தாளை எடுத்துக் குவியல் பிரிக்க ஆரம்பியுங்கள்.